மையர் என்ற பெயருக்குள் இருப்பது பதவியா, பண்ணையா, பரம்பரையா?

ஹனோவரில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: அலுவலகத்தில் மையர் என்ற குடும்பப் பெயரோடு நான்கு பேர் இருக்கிறார்கள், நால்வரும் நான்கு விதமாக எழுதுகிறார்கள், இவர்கள் ஒரே பரம்பரையைச் சேர்ந்தவர்களா? இது யூதப் பெயர் என்று ஒருவர் சொன்னாரே, சரியா? நம் ஊர் மாநகராட்சி மேயருக்கும் இதற்கும் தொடர்பு உண்டா? ஜெர்மனியில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் இருக்கும்? இந்தக் கேள்விகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தால், ஒரு பெயரை மட்டும் வைத்துக்கொண்டு அதை உடையவரின் வேரைப் பற்றி எவ்வளவு தூரம் சொல்ல முடியும் என்பதையே அவர் தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று படுகிறது.

நான் ஜெர்மன் மொழி வரலாறு படித்தவன். முன்னோர்களைத் தேடுகிறவர்களுக்காகப் பழைய தேவாலயப் பதிவேடுகளை வாசித்துத் தருவது என் தொழில். அந்தப் பழக்கத்திலிருந்து முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மையர் என்ற பெயரை வைத்து முன்னோர் ஒருவர் வகித்த பொறுப்பையோ பயிரிட்ட நிலத்தையோ ஓரளவு ஊகிக்கலாம். அதை எழுதும் விதத்தை வைத்து அவர் எந்த வட்டாரத்தவர் என்று இன்னும் சற்று உறுதியாக ஊகிக்கலாம். இரத்த உறவைப் பற்றி அந்தப் பெயர் எதுவும் சொல்லாது. மதத்தைப் பற்றியும் சொல்லாது.

எழுத்துக்கூட்டலைப் பற்றிப் பேசுவதற்கு ஓர் ஏற்பாடு செய்துகொள்வோம்: எழுத்துகளை அவற்றின் ஆங்கிலப் பெயர்களால் சொல்கிறேன். எல்லா வடிவங்களும் எம் என்ற எழுத்தில் தொடங்கி, பெரும்பாலும் இ-ஆர் என்று முடிகின்றன. நடுவில் வரும் இரண்டு எழுத்துகள்தான் மாறுகின்றன: இ-ஒய், இ-ஐ, ஏ-ஐ, ஏ-ஒய். இவை தவிர, இறுதி இ விழுந்துபோய் ஏ-ஒய்-ஆர் என்றும் ஏ-ஐ-ஆர் என்றும் முடியும் வடிவங்களும் தெற்கில் உண்டு. பொது ஜெர்மனில் எல்லாமே கிட்டத்தட்ட ஒரே ஒலிதான். கடைசி ரகரம் தேய்ந்து 'மையா' என்பதுபோல் காதில் விழும். அதனால்தான் தொலைபேசியில் பெயர் சொல்லும் ஒவ்வொரு மையரும் உடனே எழுத்துக் கூட்டியும் சொல்கிறார்.

பெயரின் பிறப்பில் சந்தேகத்துக்கு இடமில்லை. லத்தீனில் 'மாயோர்' என்றால் பெரியவர், மேலானவர். பெருநிலக்கிழார் ஒருவரின் நிலத்தை அவர் சார்பில் நிர்வகித்த காரியஸ்தருக்கு அந்தச் சொல் பதவிப் பெயராயிற்று. அரசருடைய நிலமோ, பிஷப்பின் நிலமோ, மடத்து நிலமோ, எங்கோ தொலைவில் இருக்கும் உடைமையாளருக்காக ஊரில் இருந்து பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டியிருந்தது. விதைப்பு, அறுவடை, குடியானவர்களிடம் தானியமும் கோழியும் முட்டையும் வரியாக வாங்குவது, யார் எத்தனை நாள் பண்ணையில் ஊழியம் செய்ய வேண்டும் என்று முறை வைப்பது, சிறு வழக்குகளைப் பண்ணை மன்றத்தில் விசாரிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. பழைய ஜெர்மனில் அந்தச் சொல் 'மையோர்' ஆகி, இடைக்காலத்தில் 'மையர்' ஆயிற்று.

இந்தப் பதவியைப் பற்றி நமக்குக் கிடைக்கும் பழைய ஆவணங்களில் எனக்கு மிகவும் பிடித்தது, பிராங்கியப் பேரரசர் சார்லமேன் காலத்தில் கி.பி. 800ஐ ஒட்டி அரச நிலங்களுக்காக எழுதப்பட்ட ஒழுங்குமுறை. ஒரு மாயோர் ஒரே நாளில் சுற்றிவந்து பார்க்கக்கூடிய அளவு நிலத்துக்கு மேல் தன் பொறுப்பில் வைத்திருக்கக் கூடாது என்கிறது அது. இன்னோர் இடத்தில், செல்வாக்கு மிக்கவர்களை இந்தப் பதவியில் அமர்த்தாதீர்கள், நடுத்தர நிலையில் உள்ள விசுவாசமானவர்களை அமர்த்துங்கள் என்கிறது. அரசருக்கு எதைப் பற்றிப் பயம் என்பது இந்த இரண்டு விதிகளிலேயே தெரிகிறது. அந்தப் பயம் வீணாகவும் இல்லை. இரண்டு நூற்றாண்டுகள் கழித்து, 11ஆம் நூற்றாண்டில், இன்றைய சுவிட்சர்லாந்தில் இருக்கும் சங்க்ட் காலன் மடத்தின் துறவி நான்காம் எக்கெஹார்ட், தங்கள் மடத்து மையர்கள் பளபளக்கும் கேடயமும் ஆயுதமும் தாங்கித் திரியத் தொடங்கிவிட்டார்கள் என்று மனம் நொந்து எழுதியிருக்கிறார். ஊழியராக வைத்தவர் பிரபுவைப் போல நடக்கத் தொடங்கிவிட்டார் என்பதே அவருடைய வருத்தம். அந்த நூற்றாண்டுகளில் சில மையர் குடும்பங்கள் சிறு பிரபுக்களாகவே உயர்ந்தன.

மாநகராட்சி மேயரோடு தொடர்பு உண்டா என்றால், உண்டு. அதே லத்தீன் சொல் பிரெஞ்சில் 'மேர்' ஆகி, ஆங்கிலத்தில் 'மேயர்' ஆகி, கிழக்கிந்தியக் கம்பெனி 1688இல் சென்னையில் மாநகராட்சி அமைத்தபோது அதன் வழியாக நமக்கும் வந்து சேர்ந்தது. ஆனால் ஜெர்மன் நகரத் தலைவருக்கு மையர் என்ற பட்டம் கிடையாது. அவரை 'பூர்கர்மைஸ்டர்' என்பார்கள். ஆகவே உங்கள் சக ஊழியரின் முன்னோர் நகரத் தலைவராக இருந்தார் என்று இந்தப் பெயரிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாது. சார்லமேன் வம்சத்துக்கு முன் பிராங்கியரை ஆண்ட மெரொவிஞ்சிய அரசர்களின் அரண்மனைக் காரியஸ்தர்களையும் இதே சொல்லால்தான் அழைத்தார்கள். அவர்களில் ஒருவரான பிப்பின் 751இல் தானே அரசரானார். அதைக் காட்டித் தங்கள் மையர் பெயருக்கு அரச வேர் தேடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஊர்ப்பண்ணைக் காரியஸ்தர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அரண்மனைக் காரியஸ்தர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். பெயர் வந்தது ஊர்ப்பண்ணைக் காரியஸ்தர்களிடமிருந்து.

பெயர் ஏன் இவ்வளவு பெருகியது என்பதற்கு 12, 13ஆம் நூற்றாண்டுகளில் நடந்த மாற்றத்தைப் பார்க்க வேண்டும். காரியஸ்தர்களைக் கட்டுப்படுத்த முடியாமல் போனதும், பணப் புழக்கம் கூடியதும் சேர்ந்து, பெருநிலக்கிழார்கள் பழைய பண்ணை அமைப்பைக் கலைக்கத் தொடங்கினார்கள். நிலத்தைத் துண்டாக்கிக் குத்தகைக்கு விட்டார்கள். வடமேற்கில், அதாவது வரைபடங்களில் லோயர் சாக்சனி என்று காணப்படும் நீடர்சாக்சன் மாநிலப் பகுதியில், இந்தக் குத்தகை உரிமைக்கே 'மையர் உரிமை' என்று பெயர் வந்தது. குத்தகை எடுத்த விவசாயியும் மையர் ஆனார். காலப்போக்கில் அந்தக் குத்தகை தந்தையிடமிருந்து மகனுக்குப் போகும் பரம்பரை உரிமையாக இறுகியது. முதலில் ஊருக்கு ஒரு காரியஸ்தரைக் குறித்த சொல், இப்படி ஊரில் இருந்த ஒவ்வொரு பெரிய விவசாயியையும் குறிக்கத் தொடங்கியது. முழுப் பண்ணை வைத்திருந்தவர் 'ஃபோல்மையர்', பாதி வைத்திருந்தவர் 'ஹால்ப்மையர்'. குடும்பப் பெயர்கள் நிலைபெற்ற காலமும் கிட்டத்தட்ட அதுவே என்பதால், அண்டை ஊர்களில் தொடர்பே இல்லாத பல குடும்பங்களுக்கு ஒரே நேரத்தில் மையர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

பதிவேடுகளைப் படிக்கிறவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். ஹனோவரைச் சுற்றியுள்ள ஊர்களின் 17, 18ஆம் நூற்றாண்டுப் பதிவுகளில் ஒருவர் பெயருக்குப் பின்னால் மையர் என்று இருந்தால், அது குடும்பப் பெயராகவும் இருக்கலாம், அவர் வைத்திருந்த நிலத்தின் தரத்தைக் குறிக்கும் சொல்லாகவும் இருக்கலாம். அடுத்தடுத்த பதிவுகளை ஒப்பிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரே ஒரு வரியைப் பார்த்துவிட்டு மூதாதையைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று யார் சொன்னாலும் நான் நம்பமாட்டேன்.

ஊரில் நிறைய மையர்கள் இருந்தால் பிரித்துச் சொல்ல ஓர் அடைமொழி வேண்டுமல்லவா? அப்படித்தான் கூட்டுப் பெயர்கள் பிறந்தன. புதுப் பண்ணையின் மையர் நீமையர், காட்டை ஒட்டியவர் ஹோல்ட்மையர், மேற்கே இருந்தவர் வெஸ்டர்மையர், தெற்கே பவேரியாவில் மேட்டுப் பண்ணையின் மையர் ஓபர்மையர், தாழ்வான இடத்தில் இருந்தவர் நீடர்மையர். பிரேசிலியாவின் கட்டடங்களை வடிவமைத்த ஆஸ்கார் நீமையரின் பெயர் இந்த வடஜெர்மன் வகையைச் சேர்ந்தது. ஜெர்மன் குடியரசுத் தலைவர் ஃப்ராங்க்-வால்டர் ஸ்டைன்மையர் 1956இல் பிறந்த டெட்மோல்ட் நகரம், இத்தகைய கூட்டுப் பெயர்கள் அடர்ந்திருக்கும் லிப்பெ பகுதியின் தலைநகரமாக இருந்தது. ஸ்டைன் என்றால் கல்.

இந்த லிப்பெயிலும், பக்கத்தில் ராவென்ஸ்பெர்க், ஆஸ்னாப்ரூக், மூன்ஸ்டர்லாந்து பகுதிகளிலும் ஒரு வழக்கம் இருந்தது; உறவு பற்றிய கேள்விக்கு அதுதான் மிகத் தெளிவான பதில். அங்கே பெயர் பண்ணைக்கு உரியது. ஆண் வாரிசு இல்லாத பண்ணையில் மகளை மணந்து வீட்டோடு வந்த மருமகன், தன் பிறந்த வீட்டுப் பெயரை விட்டுவிட்டுப் பண்ணையின் பெயரை ஏற்றுக்கொண்டார். பிள்ளைகளுக்கும் அதே பெயர். அந்த மனைவி இறந்து, அவர் மறுமணம் செய்து, அந்த இரண்டாம் மனைவியும் பின்னர் இன்னொருவரை மணந்தால், பழைய குடும்பத்தோடு இரத்தத் தொடர்பே இல்லாத ஒரு தம்பதி அதே பெயரில் அதே பண்ணையில் இருப்பார்கள். பதிவேட்டில் பிறந்த வீட்டுப் பெயருக்கும் பண்ணைப் பெயருக்கும் நடுவே 'என்று அழைக்கப்படும்' என்ற பொருளுள்ள ஒரு சொல் வரும். அது கண்ணில் பட்டால் நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டும். உடன்பிறந்த இரண்டு சகோதரர்கள் இரண்டு பண்ணைகளில் மருமகன்களாகப் போய் இரண்டு வேறு குடும்பப் பெயர்களோடு வாழ்ந்ததும் உண்டு. அனுமதியின்றிக் குடும்பப் பெயரை மாற்றக் கூடாது என்று அன்றைய பெரிய ஜெர்மன் அரசான பிரஷ்யா 1822இல் ஆணையிட்டது. பண்ணைப் பெயர் வழக்கம் அதற்குப் பிறகும் உடனே மறைந்துவிடவில்லை.

எழுத்துக்கூட்டலுக்கு வருகிறேன். தெற்கத்திய எழுத்தர்கள், பழைய ஜெர்மனில் வேறு வேறாக இருந்த இரண்டு ஒலிகளைத் தங்கள் பேச்சிலும் வேறாகவே உச்சரித்ததால், ஒன்றை ஏ சேர்த்தும் மற்றொன்றை இ சேர்த்தும் எழுதினார்கள். மையர் முதல் வகையில் விழுந்தது. ஆகவே தெற்கில் ஏ. வடக்கிலும் நடுப்பகுதியிலும் எழுத்தில் அந்த வேறுபாடு காட்டப்படவில்லை, அங்கே இ. ஒய் என்ற எழுத்து 16 முதல் 18ஆம் நூற்றாண்டு வரை எழுத்தர்களின் விருப்பத்துக்கு உரியது; அன்றாடச் சொற்களிலும் ஐ-க்குப் பதிலாக அதை எழுதினார்கள். பின்னர் சொற்களில் அது நீங்கியது, பெயர்களில் தங்கிவிட்டது. இன்று இ-ஒய் வடிவம் வடமேற்கில் மிக அடர்த்தி. ஏ-ஐ வடிவம் தென்மேற்கே வூர்ட்டம்பெர்க்கிலும் பவேரியாவிலும் அதிகம். ஏ-ஒய் வடிவம் அதே தெற்கிலும் ஆஸ்திரியாவிலும் பரவியிருக்கிறது. இறுதி இ இல்லாத வடிவங்கள் பவேரியாவின் ஷ்வாபியப் பகுதியிலும் ஆல்ப்ஸ் மலைப் பகுதியான டிரோலிலும் காணக் கிடைக்கும். இ-ஐ வடிவம் பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது; சுவிட்சர்லாந்தில் அதற்குத் தனிச் செல்வாக்கு.

புகழ்பெற்றவர்களைக் கொண்டு இதைச் சோதித்துப் பார்க்கலாம். ஆற்றல் அழியாமை விதியை வகுத்த ராபர்ட் மையர் 1814இல் வூர்ட்டம்பெர்க்கின் ஹைல்பிரோனில் பிறந்தவர்: ஏ-ஒய். நிலவின் இயக்கத்துக்கு அட்டவணை தந்த டோபியாஸ் மையர் 1723இல் பிறந்த மார்பாக்கும் வூர்ட்டம்பெர்க்கிலேயே இருக்கிறது: அவரும் ஏ-ஒய். தனிமங்களின் ஆவர்த்தன ஒழுங்கை மெண்டலீவ் காலத்திலேயே கண்ட லோதார் மையர் 1830இல் வடமேற்கே ஓல்டன்பூர்க் பகுதியின் ஃபாரெலில் பிறந்தார்: இ-ஒய். பேயர்ன் மியூனிக் கால்பந்து அணியின் முன்னாள் கோல்கீப்பர் செப் மையர் கீழ் பவேரியாவின் மெட்டனில் பிறந்தவர்: ஏ-ஐ. நால்வரும் வரைபடத்தோடு ஒத்துப்போகிறார்கள். ஆனால் இதை விதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரே குடும்பத்தில் அண்ணனை ஒரு பாதிரியார் ஒரு விதமாகவும், தம்பியை அடுத்த பாதிரியார் வேறு விதமாகவும் எழுதிவைத்ததை 18ஆம் நூற்றாண்டுப் பதிவேடுகளில் சர்வசாதாரணமாகப் பார்க்கலாம். பிரஷ்யாவில் 1874 அக்டோபரிலும், ஜெர்மன் பேரரசு முழுவதிலும் 1876 ஜனவரி 1 முதலும் அரசுப் பதிவு அலுவலகங்கள் வந்த பிறகுதான் எழுத்து உறைந்தது. அன்றைக்கு எழுதப்பட்டது எதுவோ அதுவே இன்றைய கடவுச்சீட்டில் இருக்கிறது. எனவே வேறு வேறு எழுத்து என்பதால் மட்டும் உறவில்லை என்றும் சொல்ல முடியாது.

யூதப் பெயரா என்ற கேள்வியைக் கவனமாகக் கையாள வேண்டும். ஹீப்ரூவில் 'மெயிர்' என்றொரு ஆண் பெயர் உண்டு. ஒளி தருபவன் என்று பொருள். இரண்டாம் நூற்றாண்டின் ரப்பி மெயிர், 1293இல் சிறையில் இறந்த ரோத்தன்பூர்க் ரப்பி மெயிர் என்று பெரும் மதிப்புக்குரிய பெயர் அது. ஜெர்மன் யூதர்கள் அதை ஊர்ப் பேச்சுக்கு ஏற்ப மையர் என்று வழங்கினார்கள். வங்கிக் குடும்பத்தைத் தொடங்கிய மையர் அம்ஷெல் ரோத்ஷில்டுக்கு அது இயற்பெயர். அவருடைய ஐந்து மகன்களும் தந்தையின் பெயராகிய மையரைத் தங்கள் இயற்பெயருக்குப் பின் வைத்துக்கொண்டார்கள். ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பூர்க் வம்சத்தின் நாடுகளில் 1787, பிரஷ்யாவில் 1812, பவேரியாவில் 1813 என்று யூதர்கள் நிலையான குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆணைகள் வந்தபோது, பலர் இந்தத் தந்தைப் பெயரையே குடும்பப் பெயராக்கினார்கள். ஆக, ஒலியில் ஒன்றுபட்ட இரண்டு தனித்தனிப் பெயர்கள் ஒரே எழுத்தில் கலந்துவிட்டன. ஜெர்மனியில் மையர் என்ற பெயருடையோரில் பெரும்பான்மையோர் கிறிஸ்தவ விவசாயக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். யூதக் குடும்பங்களும் கணிசமாக இருந்தன. எழுத்துக்கூட்டலை வைத்து இரண்டையும் பிரிக்க முடியும் என்று பரப்பப்படும் கருத்து தவறு. 1938 ஆகஸ்டில் நாஜி அரசு யூதர்கள் மீது இஸ்ரேல், சாரா என்ற கூடுதல் பெயர்களைத் திணித்தது, குடும்பப் பெயர்கள் யாரையும் அடையாளம் காட்டவில்லை என்பதால்தான். ஒருவரின் பெயரிலிருந்து அவர் மதத்தை ஊகிக்கும் பழக்கம் அந்த நாட்டில் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை நினைவில் வைத்து, அலுவலகத்தில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருப்பதே நல்லது என்பேன்.

எத்தனை பேர் என்ற கேள்விக்கு அரசு வெளியிடும் முழுக் கணக்கு எதுவும் ஜெர்மனியில் இல்லை. ஆய்வாளர்கள் தொலைபேசிப் பதிவுகளை நம்புகிறார்கள். ஃப்ரைபுர்க், மைன்ட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009 முதல் தொகுதிகளாக வெளியிட்ட குடும்பப் பெயர் வரைபடத் தொகுப்பு, 2005ஆம் ஆண்டின் வீட்டுத் தொலைபேசி இணைப்புகளை அடிப்படையாகக் கொண்டது. ஒரு வீட்டுக்கு ஓர் இணைப்பு என்பதால் தலை எண்ணிக்கை அதிலிருந்து நேராகக் கிடைக்காது, விகிதம் கிடைக்கும். இத்தகைய கணக்குகளில் ம்யூலர் முதலிடம், ஷ்மிட் அடுத்தது. இ-ஒய் மையர் மட்டும் ஆயிரத்துக்கு ஏறத்தாழ மூன்று பேர் என்ற அளவில் முதல் பத்துப் பெயர்களுக்குள் வருகிறது. எல்லா எழுத்து வடிவங்களையும் கூட்டினால் அதன் இடம் இன்னும் மேலே போகும். உங்கள் ஊர் ஹனோவர், அந்தப் பெயரின் மையப்பகுதியிலேயே இருக்கிறது. நீங்கள் எங்கு திரும்பினாலும் ஒரு மையரைப் பார்ப்பதில் வியப்பில்லை. சுவிட்சர்லாந்தில் ம்யூலருக்கு அடுத்தபடி இ-ஐ மையர்தான். கிழக்கே சாக்சனி, பிராண்டன்பூர்க் பக்கம் போனால் மையர் மெலிந்து, ஷுல்ட்ஸ், ரிக்டர் போன்றவை அடர்த்தியாகும். ஷுல்ட்ஸ் என்பதும் ஊர் அதிகாரியின் பட்டமே. இடைக்காலத்தில் ஜெர்மானியர் கிழக்கே குடியேறியபோது அங்கே உருவான ஊர்களில் நிர்வாகப் பதவிக்கு வேறு சொல் வழங்கியதால் குடும்பப் பெயரும் வேறாயிற்று. பெயர் வரைபடங்களில் எனக்கு எப்போதும் ஆர்வம் தருவது இதுதான்: எண்ணூறு ஆண்டுகளுக்கு முந்தைய நிர்வாக எல்லைகள் இன்றைய தொலைபேசிப் பதிவில் தெரிகின்றன.

பெயர் அதிகம் புழங்கியதன் விளைவை மொழியிலும் பார்க்கலாம். 'ஷ்லாவ்மையர்' என்றால் புத்திசாலி என்று காட்டிக்கொள்பவர், 'ஆங்ஸ்ட்மையர்' என்றால் பயந்தவர். மையர் அங்கே ஓர் ஆள் என்பதற்கு மேல் பொருள் தருவதில்லை. எதிரி விமானம் ஜெர்மன் வானில் நுழைந்தால் என்னை மையர் என்று கூப்பிடுங்கள் என்ற பொருளில் நாஜி விமானப்படைத் தலைவர் கோரிங் இரண்டாம் உலகப் போருக்கு முன் பேசியதாகச் சொல்வார்கள். அவர் சொன்ன சொற்களுக்குப் பல வடிவங்கள் உண்டு. குண்டுகள் விழத் தொடங்கியதும் மக்கள் அபாயச் சங்கை மையரின் வேட்டைக் கொம்பு என்று அழைத்தார்கள். சட்டமும் இந்தப் பெருக்கத்தை ஏற்றுக்கொள்கிறது. பெயர் மாற்றத்துக்கான 1980ஆம் ஆண்டு நிர்வாக விதிகள், மையர், ம்யூலர், ஷ்மிட் போன்றவற்றைக் கூட்டுமொத்தப் பெயர்கள் என்று வகைப்படுத்தி, ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டும் ஆற்றலை இவை இழந்துவிட்டதால், இதுவே பெயரை மாற்றிக்கொள்ளப் போதிய காரணம் என்கின்றன. பொதுவாகக் குடும்பப் பெயரை மாற்ற எளிதில் இடம் கொடுக்காத நாட்டில் இது பெரிய சலுகை.

உங்கள் நான்கு சக ஊழியர்களில் யாராவது தங்கள் வேரை அறிய விரும்பினால், பெயரை ஓரமாக வைத்துவிட்டு ஊரிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். தாத்தாவின் பெற்றோர் எந்த ஊரில், எந்தத் தேவாலயப் பங்கில் இருந்தார்கள் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அரசுப் பதிவுகளில் பிறப்புப் பதிவு 110 ஆண்டுகளும், திருமணம் 80 ஆண்டுகளும், இறப்பு 30 ஆண்டுகளும் கடந்த பிறகு ஆவணக் காப்பகத்துக்கு வந்து எவரும் பார்க்கக்கூடியதாகிறது. அதற்கு முன்பு நேரடி வாரிசுகள் கேட்டுப் பெறலாம். 1874க்கு முந்தைய காலத்துக்குத் தேவாலயப் பதிவேடுகள்: புராட்டஸ்டன்ட் பதிவேடுகள் பல ஆர்க்கியோன் தளத்தில் கட்டணத்துக்கும், கத்தோலிக்கப் பதிவேடுகள் பல மாத்ரிகுலா தளத்தில் இலவசமாகவும் கிடைக்கின்றன. ஹனோவர் பக்கத்துக் குடும்பமானால் பண்ணையின் குத்தகை, வரி ஆவணங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பழைய கையெழுத்தைப் படிப்பதுதான் கடினம். ஏதாவது ஒரு பக்கத்தின் படத்தை அனுப்பினால் வாசித்துச் சொல்கிறேன்.